முதல் ஆளாக உள்ளே போவது எப்படி: என்ட்ரிக்கும் அவருக்குப் பின்னால் வருபவருக்கும்

கபடியில் பாடிப் போகிறவன் கோட்டுக்குத் திரும்பி வந்தால்தான் புள்ளி. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரண்ட் மாதிரியான ஐந்துக்கு ஐந்து கணினித் துப்பாக்கி ஆட்டங்களில் என்ட்ரியாக, அதாவது முதல் ஆளாகப் போகிறவர் திரும்பியே ஆக வேண்டும் என்பதில்லை. எதிரி காவல் நிற்கும் சைட்டுக்குள் (நாம் பாம் வைக்க வேண்டிய இடம்) முதலில் கால் வைப்பது, யார் எங்கே நிற்கிறார்கள் என்று வெளியே கொண்டுவருவது, அவர்கள் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்ப வைப்பது, பின்னால் வரும் நாலு பேருக்கு நிற்க இடம் பிடித்துக் கொடுப்பது. இவ்வளவுதான் அவர் வேலை. இதற்கிடையில் ஒருவரை வீழ்த்தினால் லாபம். வீழ்த்தாமல் செத்தாலும் வேலை முடிந்திருக்கலாம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன் சி.சி.க்களில் (சைபர் கஃபே) சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேர் சேர்ந்தால், யாருக்குக் குறி நல்லா இருக்கிறதோ அவரையே முன்னால் தள்ளிவிடுவது வழக்கம். அவர் உள்ளே ஓடுவார், சாவார், வாசலில் நிற்கும் மற்ற நாலு பேரும் "என்னடா இது" என்பார்கள். அந்த நாலு பேரில் இரண்டாவதாக நின்றவர் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பத்தில் ஏழெட்டுத் தடவை கோளாறு அங்கேதான் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி என்ட்ரிக்கு, பாதி அந்த இரண்டாம் ஆளுக்கு. விலை, நேரம் எல்லாம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 கணக்கு. வாலரண்டில் மாறுவதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சாவிலும் நல்ல சாவு, கெட்ட சாவு

உள்ளே போனவருக்கு நாலு விதமாக முடியலாம். ஒருவரை வீழ்த்தித் தானும் பிழைப்பது, வீழ்த்திவிட்டுச் சாவது, யாரையும் வீழ்த்தாமல் செத்தாலும் கொன்றவனை அடுத்த இரண்டு நொடிக்குள் நம் ஆள் வீழ்த்துவது, சும்மா சாவது. இரண்டாவதும் மூன்றாவதும் சரிக்குச் சரி. நாலுக்கு நாலு ஆகிவிட்டது, ஆனால் நம் நாலு பேர் சைட்டுக்குள் நிற்கிறார்கள், எதிரியின் மிச்ச ஆட்கள் இன்னொரு சைட்டிலிருந்து ஓடி வர வேண்டும். ஆதாயம் நமக்குத்தான். மூன்றாவதைத்தான் ட்ரேட் என்கிறோம். நாலாவது மட்டுமே தோல்வி, அதற்கும் காரணம் இரண்டில் ஒன்று: என்ட்ரி சொல்லாமல் ஓடினார், அல்லது இரண்டாம் ஆள் பின்னால் வரவில்லை.

எத்தனை பேரைக் கொன்றார் என்ற கணக்கை வைத்து என்ட்ரியை அளந்தால் தப்பாகத்தான் அளப்பீர்கள். 2016இல் இரண்டு மேஜர்களை (கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் பெரிய போட்டிகள்) வென்ற பிரேசில் அணியில் டாக்கோ என்ற ஆட்டக்காரரின் புள்ளிக் கணக்கு பளபளப்பாக இருந்ததில்லை. முன்னால் போய் அடி வாங்குவது, மற்றவர்களுக்கு வழி விடுவது என்று யாரும் விரும்பாத வேலைகள் அவர் தலையில்தான் விழுந்தன. டென்மார்க்கின் டுப்ரீ, அஸ்ட்ராலிஸ் அணிக்குப் பல வருஷம் என்ட்ரியாக இருந்தவர், அந்த அணியோடு நாலு மேஜர், 2023இல் வைட்டாலிட்டியோடு பாரிஸில் ஒன்று, ஆக ஐந்து மேஜர் வென்றார். அஸ்ட்ராலிஸின் பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது டுப்ரீயைப் பார்க்காதீர்கள். அவர் மூலையைத் தாண்டும் அதே கணம் எத்தனை எறிகுண்டுகள் வானத்தில் பறந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

வரிசையும் இடைவெளியும்

வாசலுக்கு வருமுன்னே வரிசை முடிவாகிவிட வேண்டும். முதலில் என்ட்ரி. அடுத்து ட்ரேட் எடுக்கும் இரண்டாம் ஆள். மூன்றாவது, ஃப்ளாஷும் (கண்ணைக் குருடாக்கும் எறிகுண்டு) ஸ்மோக்கும் (புகைக்குண்டு) போடும் சப்போர்ட். பாம் இவரிடம் அல்லது நாலாமவரிடம். ஐந்தாமவர் மறுபக்கம் பதுங்கி நிற்கும் லர்க்கர். பாமை என்ட்ரி தூக்கிக்கொண்டு ஓடவே கூடாது. அவர் செத்தால் பாம் எதிரியின் கண் முன்னால் கிடக்கும், அதை எடுக்க ஒருவர், அவரைக் காப்பாற்ற ஒருவர் என்று ஒவ்வொருவராகப் போய் விழுவோம். ரவுண்ட் தொடங்கும்போது பாம் தற்செயலாக என்ட்ரி கையில் வந்திருந்தால் ஸ்பானிலேயே கீழே போட்டுவிடச் சொல்லுங்கள். இதை மறப்பவர்கள் நிறைய.

இரண்டாம் ஆளின் இடைவெளி அரை நொடி. அதைவிட ஒட்டிப் போனால் ஒரே ஸ்ப்ரேயில் (விசையை விடாமல் சுடுவது) இருவரும் விழுவார்கள், ரைஃபிள் குண்டு ஒரு உடலைத் துளைத்து அடுத்த உடலிலும் ஏறும். அதைவிடப் பின்தங்கினால், என்ட்ரியைக் கொன்றவன் மறுபடி மூலைக்குள் ஒளிந்துகொள்வான். நேர் பின்னாலும் போகாதீர்கள். என்ட்ரி அகலமாக வெளியே வீசிப் போனால் இரண்டாம் ஆள் சுவரை ஒட்டி வர வேண்டும், என்ட்ரி ஒட்டிப் போனால் இவர் அகலமாக வர வேண்டும். சுடுகிறவன் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குத் துப்பாக்கியைத் திருப்ப எடுக்கும் அந்தச் சின்ன நேரத்தில்தான் ட்ரேட் கிடைக்கிறது.

இரண்டாம் ஆளின் கண் மினிமேப்பில் இருக்கக் கூடாது. என்ட்ரி எந்த மூலையைப் பார்க்கவில்லையோ அதில் இருக்க வேண்டும். என்ட்ரி விழுந்தால், விழுந்த இடத்தை அல்ல, குண்டு வந்த திசையைப் பார்க்க வேண்டும். எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆட்டத்தில் நண்பன் சாவதைப் பார்க்காமல் இருப்பது ரொம்பக் கஷ்டம், பழகத்தான் வேண்டும்.

ஃப்ளாஷ் வெடிக்கும்போது நீங்கள் எங்கே?

ஃப்ளாஷ் கையை விட்டு ஏறக்குறைய ஒன்றரை நொடியில் வெடிக்கும். வெடித்த பிறகு கிளம்பும் என்ட்ரி மூலையைத் தாண்டுவதற்குள் எதிரிக்குக் கண் திரும்ப ஆரம்பித்துவிடும். வெடிப்பதற்கு முன்பே வெளியே போனால் தன் கண்ணே போகும். வெடிக்கும் சத்தமும் மூலையை விட்டு வெளிவரும் தோளும் ஒன்றாக நடக்க வேண்டும். முழு வெள்ளை இரண்டு நொடிக்கு மேல் நிற்காது என்று வைத்துத் திட்டம் போடுங்கள். கூடுதலாகக் கிடைத்தால் போனஸ்.

போடுகிறவர்தான் எண்ண வேண்டும், என்ட்ரி அல்ல. கையை விடும்போது "போயிருச்சு" என்று ஒரே சொல். அதைக் கேட்டதும் என்ட்ரி மூலையை நோக்கி ஓட ஆரம்பிக்கிறார், மூலைக்கு அவர் இரண்டு மூன்று எட்டுத் தூரத்தில் நின்றால் வெடிப்பும் அவர் வெளிவருவதும் ஒன்றாக விழும். மூலையை உரசிக்கொண்டே நின்றால் மனத்துக்குள் "ஒன்னு" எண்ணிவிட்டுக் கிளம்பலாம். தலைக்கு மேலாகப் பறக்கும் ஃப்ளாஷை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் புதியவர்களிடம் உண்டு, அப்படிப் பார்த்தால் அவர்களே குருடாகிவிடுவார்கள். ஆட்டத்தின் பயிற்சி மோடில் குண்டு தீராமலும், எறிந்த குண்டு போகும் வழி தெரியும்படியும் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் ஒரே மூலையில் இதை இருபது தடவை செய்து பார்த்தால் போதும். ஸ்மோக் லைன்அப் (எங்கே நின்று எதைக் குறிவைத்து எறிவது) ஐம்பது மனப்பாடம் செய்வதைவிட இது பலன் தரும்.

சொல்லாமல் போடும் ஃப்ளாஷ் எதிரியைவிட நம் ஆளைத்தான் அதிகம் குருடாக்குகிறது. போட்டவர் "சாரி லா" என்பார். ரவுண்ட் போனது போனதுதான்.

வாசலில் நிற்காதீர்கள்

என்ட்ரி செய்யும் பெரிய தப்பு ஒன்றுதான்: முதல் ஆளை வீழ்த்தியதும் நின்ற இடத்திலேயே நின்று அடுத்தவனைத் தேடுவது. வாசலில் அவர் நின்றால் பின்னால் மூன்று பேர் அடைபட்டுக் கிடப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் ஆள் இலைக்கு முன் உட்காராமல் கதவடியிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தால் எப்படியோ அப்படி. எதிரி ஒரு தீக்குண்டு போட்டால் சில நொடி தீ, கூட்டமே கருகும். வீழ்த்தினாலும் வீழ்த்தாவிட்டாலும் என்ட்ரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாசலைத் தாண்டி, அருகில் இருக்கும் முதல் மறைவு வரை.

மூலைகளைப் பார்க்கும் வரிசை கிட்டத்திலிருந்து தூரத்துக்கு. கிட்டே ஒளிந்திருப்பவன் உங்கள் முதுகில் சுடுவான், தூரத்தில் இருப்பவனை ஸ்மோக் மறைக்கட்டும். ஒரே ஆள் எல்லா மூலையையும் பார்க்க முடியாது. அதனால் வாசலில் நிற்கும்போதே பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்: "நான் இந்தக் கிட்ட மூலை, நீ அந்தப் பெட்டி." என்ட்ரி தன் மூலையை மட்டும் பார்த்துவிட்டு ஓட வேண்டும். மற்றதை இரண்டாம் ஆள் பார்ப்பார் என்ற நம்பிக்கை இல்லாத என்ட்ரி இரண்டு பக்கமும் மவுஸை ஆட்டி, இரண்டிலும் தாமதமாகி, விழுவார்.

குறி தரையில் இருக்கக் கூடாது. எதிரியின் தலை எந்த உயரத்தில் வரப்போகிறதோ அந்த உயரத்தில், மூலையின் ஓரத்தை விட்டு ஒரு கை அகலம் தள்ளி வைத்துக்கொண்டே ஓடுங்கள். ஓடும்போது சுட்டால் ஏ.கே. ரைஃபிளின் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது: ஏ.கே. தூக்கினால் ஓட்ட வேகம் நொடிக்கு 215 யூனிட், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால்தான் குண்டு நேராகப் போகும். வலது பக்கம் போய்க்கொண்டிருந்தால் கீபோர்டில் டி-ஐ விட்டுவிட்டு ஏ-வை ஒரு தட்டுத் தட்டினால் உடனே நிற்கும், அந்த நிற்கும் கணத்தில் சுட வேண்டும். விசையை விட்டுவிட்டு வழுக்கி நிற்கும் வரை காத்திருப்பவரும், ஏ-வை அதிக நேரம் அழுத்தி எதிர்ப்பக்கம் நகர ஆரம்பிப்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: குண்டு போகும்போது கால் நகர்கிறது.

மூலையைத் தாண்டி வீசிப் போகிறவருக்கு ஒரு இயற்கையான ஆதாயம் உண்டு. உங்கள் அசைவு உங்கள் திரையில் உடனே தெரியும், சர்வருக்குப் போய் எதிரியின் திரைக்கு வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். சில பத்து மில்லிநொடிதான். ஆனால் மெல்ல எட்டிப் பார்ப்பவர் அந்த ஆதாயத்தை வீணாக்குகிறார். போவதென்று முடிவானால் வேகமாகப் போங்கள்.

மிராஜ் ஏ சைட்டை எடுத்துப் பார்ப்போம்

எல்லோருக்கும் தெரிந்த மேப் என்பதால் இதை எடுத்துக்கொள்வோம். பேலஸ், ராம்ப், டெட்ரிஸ் மாதிரிப் பெயர்கள் எல்லாம் இந்த மேப்பின் இடப் பெயர்கள். ரவுண்டுக்கு 1:55, கடிகாரம் கீழ்நோக்கி ஓடும். முதல் அரை நிமிடம் மிட், பேலஸ், அப்பார்ட்மென்ட் என்று பரவி எதிரியின் சத்தம் கேளுங்கள். 1:15 வாக்கில் முடிவெடுங்கள். இரண்டு பேர் ராம்ப், இரண்டு பேர் பேலஸ், ஒருவர் மிட் வழியாக கனெக்டர் பக்கம்.

மூன்று ஸ்மோக் தேவை: சி.டி., ஸ்டேர்ஸ், ஜங்கிள். எது வானத்தில் அதிக நேரம் பறக்குமோ அதை முதலில் எறியுங்கள், மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகப் புகைய வேண்டும். புகை முழுசாக விரியுமுன் ஓடுவது சகஜமான தப்பு. ஸ்டேர்ஸில் நிற்பவனுக்கு ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளி போதும். விரிந்துவிட்டது என்று எறிந்தவர் சொல்லும் வரை என்ட்ரி ராம்ப்பில் காத்திருக்க வேண்டும்.

அடுத்து ஃப்ளாஷ், அதோடு ராம்ப் என்ட்ரி வெளியே. அவர் பார்க்க வேண்டியது டெட்ரிஸ், சாண்ட்விச் இரண்டும் மட்டுமே. அவருக்குப் பின்னால் வருபவருக்கு டிரிப்பிள் பெட்டிப் பக்கம். அரை நொடி கழித்து பேலஸ் ஆட்கள் இறங்க வேண்டும். முதலில் சத்தம் ராம்ப்பில் கேட்டதால் சைட்டுக்குள் இருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள், பேலஸிலிருந்து பார்த்தால் அவர்கள் விலா தெரியும். பேலஸிலிருந்து முதலில் இறங்குகிறவர் பால்கனிக்கு அடியில் பார்க்காமல் குதித்தால் முதுகில் வாங்குவார், அங்கே பதுங்குவது மிராஜில் பழைய வழக்கம். ஃபயர்பாக்ஸ் அவருக்குப் பின்னால் வருபவருடையது.

சைட் கையில் வந்ததும் என்ட்ரி பிழைத்திருந்தால் பாம் வைக்க ஓடக் கூடாது. அவர் ஸ்மோக்கைப் பார்த்து நிற்க வேண்டும். இந்த ஆட்டத்தில் எதிரி ஒரு ஹெச்.ஈ. வெடிகுண்டை ஸ்மோக்குக்குள் எறிந்தால் புகை சில நொடி விலகி ஜன்னல் மாதிரித் திறக்கும், அந்த வழியாகச் சுடுவார்கள். பாம் வைக்க மூன்று நொடிக்குச் சற்று மேல் ஆகும், வைத்த பிறகு 40 நொடி. இதையெல்லாம் கணக்குப் போட்டால், கடிகாரம் 0:30ஐத் தாண்டிய பிறகு ஸ்மோக் எறிய ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு தடங்கல் வந்தாலும் நேரம் போதாது. வாசலில் தீ வைத்தால் சில நொடி போய்விடும். தீ மேல் ஒரு ஸ்மோக் போட்டால் அணையும், அதற்காகவே ஒருவர் ஒரு ஸ்மோக்கைக் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

இதே ஆட்டத்தை மூன்று ரவுண்ட் தொடர்ந்து ஆடினால் நாலாவதில் எதிரி ராம்ப் வாயிலேயே குண்டு மழை பொழிவான். ஒரு ரவுண்ட் அதே ஸ்மோக்குகளைப் போட்டுவிட்டு பி-க்குப் போங்கள். இன்னொரு ரவுண்ட் ஸ்மோக்கே இல்லாமல், ஷிஃப்ட் அழுத்தி ஓசையில்லாமல் நடந்து, முதலில் யாரையாவது பார்க்கும் வரை போங்கள். என்ட்ரிக்கு இந்த இரண்டாவது வகைதான் கஷ்டம், பொறுமை வேண்டும்.

ஆவ்ப் பிடித்தவன் எதிரே இருந்தால்

ஆவ்ப் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி உடம்பில் ஒரே குண்டில் கொல்லும், ஆனால் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். வீரம் காட்டி அகலமாக வெளியே ஓடுவது வேண்டாம். தோளை மட்டும் மூலைக்கு வெளியே ஒரு கணம் காட்டி உள்ளே இழுங்கள். சுட்டானா? சத்தம் கேட்ட அந்தக் கணமே இரண்டாம் ஆள் வெளியே வர வேண்டும், "சுட்டான்" என்று சொல்லக்கூட நேரம் இல்லை. சுடவில்லையா, இன்னொரு தரம் காட்டுங்கள். மூன்றாவது தரம் வேண்டாம், அவன் காத்துக்கொண்டிருக்கிறான். ஸ்மோக் போட்டு அந்தக் கோட்டையே மூடிவிடுங்கள், அல்லது ஃப்ளாஷ்.

காசை யாருக்கு?

பிஸ்டல் ரவுண்டில், அதாவது முதல் ரவுண்டில், 800 காசு. என்ட்ரி 650க்குக் கவசம் வாங்கட்டும், மற்றவர்கள் ஸ்மோக், ஃப்ளாஷ். அந்த ரவுண்ட் வென்றால் அடுத்ததில் மேக்-10 மாதிரி என்ட்ரி துப்பாக்கி கிடையாது: 1050 காசு, வேகம் நொடிக்கு 240 யூனிட், ஒரு கொலைக்கு 600 காசு திரும்ப வரும், ஏ.கே.யில் 300தான். எதிரி அப்போது பிஸ்டலோடு நிற்பான், அதனால் ஹெல்மெட் கட்டாயம். ஹெல்மெட் இருந்தால் யூ.எஸ்.பி. பிஸ்டலின் தலைக்குண்டு ஒரே அடியில் கொல்லாது. எம்4 ரைஃபிள் ரகத்துக்கும் அதே கதை. டி பக்கம் (தாக்கும் பக்கம்) ஹெல்மெட் இல்லாமல் நுழைவது 350 காசை மிச்சம் பிடித்து உயிரை விடுவது.

ஐந்து பேருக்கும் காசு போதாமல் ஒரே ஒரு ஏ.கே. வாங்க முடியும் என்றால் அதை என்ட்ரிக்குக் கொடுப்போம். ஹெல்மெட் போட்ட தலையையும் ஏ.கே. ஒரே குண்டில் சாய்க்கும், 1800 காசு கலில் ரைஃபிள் சாய்க்காது. முதல் மோதலில் இரண்டாவது குண்டுக்கு நேரம் கிடைப்பது அரிது. சில அணிகள் நல்ல துப்பாக்கி எப்படியும் பிழைப்பவரிடம் இருக்கட்டும் என்று இரண்டாம் ஆளுக்குக் கொடுக்கின்றன. அதிலும் நியாயம் உண்டு, ஆனால் என்ட்ரி விழுந்தாலும் ஏ.கே. தரையில் கிடக்கும், இரண்டாம் ஆள் எடுத்துக்கொள்ளலாம்.

எறிகுண்டுகளை என்ட்ரி சுமக்கக் கூடாது. தனக்கென ஒரு ஃப்ளாஷ் போதும். ஸ்மோக்கும் மொலொடோவும் (தீக்குண்டு) வாங்கியிருந்தால் பின்னால் வருபவருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகட்டும். செத்த பையில் மூன்று குண்டு என்றால் 900 காசு மண்ணோடு போனது.

சாகும்போது சொல்ல வேண்டியவை

எத்தனை பேர், எங்கே, எவ்வளவு அடி. "ரெண்டு பேரு. ஒருத்தன் டிரிப்பிள், எண்பது வாங்கிட்டான். இன்னொருத்தன் சாண்ட்விச், ஃபுல்லு." மூன்று நொடி, அத்தோடு வாய் மூட வேண்டும். "ஐயோ, எப்படிடா பார்த்தான்" என்பதெல்லாம் ரவுண்ட் முடிந்து. அந்த நேரத்தில் பின்னால் இருப்பவர்கள் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.

இடது, வலது என்று சொல்லாதீர்கள், தமிழிலும் வேண்டாம், மலாயில் கிரி, கானான் என்றும் வேண்டாம். நீங்கள் பார்த்த திசைக்கு இடது மற்றவருக்கு வலதாக இருக்கும். இடப் பெயர்தான் சொல்ல வேண்டும். நம் டவுன்களில் அணியில் தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் கலந்து ஆடுவது சாதாரணம், அதனால் முன்கூட்டியே பத்துப் பதினைந்து சொற்களை ஒத்துக்கொள்ளுங்கள். இடப் பெயர் ஆட்டத்தில் இருப்பது மாதிரியே, செத்தால் மலாயில் "மாத்தி", உயிர் குறைவென்றால் "லோ". ஆளுக்கொரு சொல் வைத்துக்கொண்டால் புரிவதற்குள் ட்ரேட் நேரம் போய்விடும்.

வாலரண்டில் என்ன மாறுகிறது

இங்கே நுழைபவருக்கு ஆட்டமே கால் கொடுத்திருக்கிறது. ஜெட் என்ற பாத்திரத்தின் டாஷை (பாய்ச்சல்) முதலில் ஒரு தரம் அழுத்தித் தயார்செய்ய வேண்டும், அதற்குப் பிறகு குறிப்பிட்ட சில நொடிக்குள் இன்னொரு தரம் அழுத்தினால் நகரும் திசையில் பாய்வாள். அந்த நேரம் முடிந்தால் வீண். ஆகவே ஃப்ளாஷ் போட்டவர் சொன்ன பிறகு தயார்செய்யுங்கள், முன்னதாக அல்ல. பாயும் இடத்தில் தன் ஸ்மோக் ஒன்றை முன்பே எறிந்து அதற்குள் போய் இறங்குவது பாதுகாப்பு. ரேஸ் இரண்டு வெடிப்பையால் காற்றில் பறந்து வருவாள், பறக்கும்போது எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள், அந்தக் கணம் தரையில் வருபவர்களுக்குச் சொந்தம்.

ரெய்னாவை வைத்து என்ட்ரி ஆடுகிறேன் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அவளுடைய தப்பிக்கும் திறமையும் உயிர் உறிஞ்சும் திறமையும் அவள் சுட்ட எதிரி செத்த பிறகே வேலை செய்யும். முதல் மோதலில் தோற்றால் கையில் ஒன்றுமில்லை. அதனால்தான் ரெய்னா ஆடுபவர்கள் வாசலில் தயங்கி நிற்பதை ரேங்க் ஆட்டங்களில் அடிக்கடி பார்க்கிறோம். தனியாக ஏறிப் போக நல்லவள், ஐவர் அணிக்கு வழி திறக்க ஜெட், ரேஸ், நியான் மூவரும் மேல்.

வரிசை எளிது: முதலில் சோவாவின் ட்ரோன் அல்லது அம்பு மாதிரித் துப்புக் கொடுக்கும் திறமை, அடுத்து ஸ்மோக், அடுத்து பிரீச், கே/ஓ மாதிரி யாராவது ஒருவரின் ஃப்ளாஷ், அதோடு என்ட்ரி. ஸ்பைக் (இங்கே பாமின் பெயர்) வைக்க 4 நொடி, வெடிக்க 45 நொடி, ரவுண்டுக்கு 100 நொடிதான், கவுண்டர்-ஸ்ட்ரைக்கைவிட அவசரம் கூட. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட பேப்பர் ரெக்ஸ் 2025இல் டொரொண்டோ மாஸ்டர்ஸை வென்றது, அதில் நம் மலேசியரான டவாயும் ஆடினார். அவர்கள் ஆட்டத்தைப் பார்த்து "இவர்கள் முன்னால் ஓடுவதே உத்தி" என்று நினைத்துத் தாமும் ஓடித் தோற்பவர்கள் ஏராளம். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒருவர் பாயும் நொடியில் இன்னும் இரண்டு பேர் அதே நொடியில் வருகிறார்கள்.

சி.சி.யில் உட்காருமுன்

ஒவ்வொரு மெஷினிலும் மவுஸ் வேறு, அதன் டி.பி.ஐ. (மவுஸ் உணர்திறன்) பட்டனை முந்தின ஆள் எங்கே விட்டுப் போனானோ தெரியாது. 800 டி.பி.ஐ., ஆட்டத்துக்குள் மவுஸ் வேகம் 1.0 என்று வைத்திருப்பவருக்கு முழுச் சுற்று சுமார் 52 செ.மீ. அதாவது மவுஸை 26 செ.மீ. நகர்த்தினால் நேர் பின்பக்கம் திரும்ப வேண்டும், ஏ4 தாளின் நீளத்தைவிட இரண்டு விரற்கடை குறைவு. தாளைப் பக்கத்தில் வைத்து ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாலரண்டுக்கு அதே வேகம் வேண்டுமென்றால் 3.18ஆல் வகுக்க வேண்டும்: 1.0 என்பது 0.314 ஆகும். திரை 144 ஹெர்ட்ஸ் என்று வெளியே போர்டில் எழுதியிருக்கும், விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 60இல் கிடக்கும். மூலை தாண்டுபவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

என்ட்ரியும் இரண்டாம் ஆளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். ஹெட்செட் மைக் பாதி கெட்டுத்தான் இருக்கும், பக்கத்தில் இருந்தால் முழங்கையால் இடித்தே "போ" என்று சொல்லலாம். எதிரணியும் அதே ஹாலில் இருந்தால் மட்டும் குரலைத் தாழ்த்துங்கள்.

வீட்டிலிருந்து ஆடுபவர்கள் போன் ஹாட்ஸ்பாட்டைத் தவிருங்கள். சிங்கப்பூர் சர்வருக்குப் பிங் 40 என்று நிலையாக இருந்தால் ஆடலாம், 15க்கும் 90க்கும் நடுவில் குதித்தால் என்ட்ரி ஆட முடியாது, அன்றைக்கு லர்க்கராகவோ சப்போர்ட்டாகவோ போங்கள். சாயங்கால இடிமழைக்கு முன் ரேங்க் ஆட்டம் தொடங்குவதும் நல்லதல்ல. கரண்ட் போனால் ஆட்டத்தை விட்டு ஓடியதாகவே எழுதப்படும், தடை முதலில் 30 நிமிடம், பிறகு 2 மணி நேரம், பிறகு 24 மணி நேரம், பிறகு 7 நாள்.

ஒரு தாள், ஒரு பேனா

தினமும் அரை மணி நேரம் கிடைத்தால் பதினைந்து நிமிடம் டெத்மேட்ச், ஏ.கே. மட்டும், நின்று ஒரு குண்டு அல்லது இரண்டு, ஸ்ப்ரே இல்லை. மிச்சம் பதினைந்து நிமிடம் ஒரே மேப்பின் ஒரே வாசலில் ஓடி மூலைகளில் குறி வைத்துப் பழகுவது. ஐந்து பேரும் கூடும் நாளில் ஒரு மணி நேரத்தை ஆட்டத்துக்குச் செலவிடாதீர்கள், ஒரே சைட்டை ஐந்து பேரும் பத்துத் தடவை எடுத்துப் பாருங்கள். அலுப்பாக இருக்கும். மணிக்கணக்குக் காசு கட்டி அலுத்துப் போவானேன் என்று தோன்றும், ஆனாலும் செய்யுங்கள்.

உண்மையான ஆட்டத்தில், ஆடாத நண்பர் ஒருவர் பின்னால் நின்று தாளில் கோடு போடட்டும். தாக்கும் பக்க ரவுண்ட் ஒவ்வொன்றுக்கும் நாலே விஷயம்: நம்மில் முதலில் செத்தது யார், கொன்றவன் இரண்டு நொடிக்குள் செத்தானா, சைட் கிடைத்ததா, அப்போது இரண்டாவதாக நின்றது யார். இந்த நாலாவது கட்டத்தை எழுத மறக்க வேண்டாம். பன்னிரண்டு ரவுண்டில் ஏழில் ட்ரேட் கிடைத்திருந்தால் உங்கள் என்ட்ரி, புள்ளிப் பட்டியலில் கடைசியில் இருந்தாலும், சரியாகத்தான் ஆடியிருக்கிறார். நாலுக்கும் குறைவென்றால் என்ட்ரியை மாற்றாதீர்கள். நாலாவது கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயரைப் பாருங்கள், அடுத்த ஆட்டத்துக்கு அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைத்துப் பாருங்கள்.